லாபத்தில் பங்கு என்று சொல்லாதீர்கள், வாடகையில் பங்கு கொடுங்கள்

கேள்வி: மலேசியாவின் ஜொகூர் பாருவில் இருக்கும் என் அடுக்குமாடி வீட்டை ஏர்பிஎன்பி இணையத்தளம் வழியாகக் குறுகிய கால வாடகைக்கு விடுகிறேன். நான் சிங்கப்பூரில் வேலை பார்ப்பதால் உறவுக்காரப் பெண் ஒருவர் கவனித்துக்கொள்கிறார். லாபத்தில் அவருக்கு எவ்வளவு பங்கு கொடுப்பது நியாயம்?

நானும் அப்படி ஓர் உறவுக்காரப் பெண்தான். அதனால் இது நடுநிலையான பதில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எவ்வளவு" என்று கேட்பதற்கு முன்னால் "எதில்" என்று கேளுங்கள். லாபத்தில் பங்கு என்றால் நான் எழுதப்போவது உங்களுக்குப் பிடிக்காது.

நான் கவனிக்கும் ஜொகூர் பாரு வீடு என் பெரியப்பா மகனுடையது. நாங்கள் இருவரும் ஜொகூரில் பிறந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து நிரந்தரவாசியானவர்கள். நான் சிங்கப்பூரின் ஈசூனில் இருந்தபடியே செய்திகளுக்குப் பதில் சொல்வேன், விலையை ஏற்றி இறக்குவேன், முன்பதிவுகளைப் பார்ப்பேன். அங்கே தம்போயில் இருக்கும் ஓர் அக்கா வீட்டைச் சுத்தம் செய்து, விரிப்புகளை மாற்றி வைப்பார். அண்ணன் என்ன செய்வார் என்று கேட்காதீர்கள். வீடு அவருடையது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது கைப்பேசியைத் தட்டும் வேலை. பள்ளி விடுமுறைக் காலத்தில் வந்து பாருங்கள். சிங்கப்பூர்க் குடும்பம் ஒன்று மாலை ஆறு மணிக்கு வந்துவிடுவோம் என்று சொல்லும். சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் கடற்பாலத்தில் நெரிசல் பிடித்துக்கொள்ளும். ஒன்பது மணிக்கு "இன்னும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில்தான் இருக்கிறோம்" என்று செய்தி வரும். நள்ளிரவு தாண்டி வந்து சேர்ந்தால், கார் எண்ணைப் பதிவு செய்யவில்லை என்று காவலாளி தடுப்பைத் திறக்க மாட்டார். அப்படி ஓர் இரவில் அக்கா தன் கணவரின் மோட்டார் சைக்கிளில் ஏறிப்போய் நுழைவு அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தார். நான் கைப்பேசியில் காவலாளியிடம் மலாய் மொழியில் கெஞ்சிக்கொண்டிருந்தேன். காலையில் எனக்கு அலுவலகம். விருந்தினர் ஐந்து நட்சத்திரம் போட்டு, "வீட்டுக்காரர் மிக அன்பானவர்" என்று எழுதினார். அண்ணன் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார்.

ஏர்பிஎன்பியில் சிறந்த வீட்டுக்காரர்களுக்குத் தரும் "சூப்பர்ஹோஸ்ட்" பட்டம் வேண்டுமானால் மதிப்பீடு 4.8க்குக் குறையக்கூடாது, வரும் விசாரிப்புகளில் 90 விழுக்காட்டுக்காவது 24 மணி நேரத்துக்குள் பதில் போயிருக்க வேண்டும். பட்டம் அண்ணன் பெயரில் வந்தது. குடும்பக் குழுவில் எல்லாரும் அவரை வாழ்த்தினார்கள்.

இனி கணக்குக்கு வருகிறேன். அண்ணனும் நானும் முதலில் பேசிக்கொண்டது "லாபத்தில் 20 விழுக்காடு". எண்களை உங்களுக்குப் புரிவதற்காக எளிமையாக்கிச் சொல்கிறேன். மாத வாடகை 4,000 ரிங்கிட். வங்கிக் கடன் 2,100, பராமரிப்புக் கட்டணம் 450, மின்சாரமும் இணையமும் 350, சுத்தம் செய்யும் செலவு 900 என்று கழித்தால் மிச்சம் 200. அதில் என் பங்கு 40 ரிங்கிட். அடுத்த மாதம் புது சோபா வாங்கியதால் மிச்சமே இல்லை. சோபா அவருடைய சொத்து. நான் அதில் உட்கார்ந்ததுகூட இல்லை. கடன் கட்டக் கட்ட வீடும் அவருக்குத்தான் சொந்தமாகிறது. அவருடைய சொத்து வளர்வதை "செலவு" என்று எழுதி, அதற்கு என் உழைப்பில் கழிவு எடுப்பது எந்த ஊர் நியாயம்?

வீட்டுக்காரர்கள் இங்கே சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். வீடு காலியாகக் கிடந்தால் நட்டம் யாருக்கு, பணம் போட்டது யார் என்பீர்கள். சரிதான். அதற்காகத்தான் மீதி எல்லாம் உங்களுக்கு. வீடு காலியாக இருந்தால் வாடகையில் பங்கு வாங்குபவருக்கும் ஒன்றும் கிடைப்பதில்லை. நான் எவருடைய வீட்டையும் என் பெயருக்கு எழுதித் தரச் சொல்லவில்லை.

நான் கேட்டு வாங்கியது இதுதான். சுத்தம் செய்யும் பணத்தை முதலில் தனியாக எடுத்து அக்காவுக்கு ஒவ்வொரு முறையும் அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும்; அதில் யாரும் கை வைக்கக்கூடாது. மிச்ச வாடகையில் 15 விழுக்காடு எனக்கு. மேலே சொன்ன கணக்கில் அது 465 ரிங்கிட். கோஹோஸ்ட், அதாவது வீட்டுக்காரருக்குத் துணையாகக் கவனிப்பவர், என்று ஏர்பிஎன்பியில் முறையாகச் சேர்த்துவிட்டால், விழுக்காடாகவோ ஒரே தொகையாகவோ பங்கைத் தளத்திலேயே குறிக்கலாம். அண்ணனிடம் மாதாமாதம் கை நீட்டிக் கேட்கும் வேலை இல்லை. உங்கள் உறவுக்காரர் நேரில் போய்ச் சாவி கொடுப்பது, குழாய் ரிப்பேருக்கு ஆள் பிடிப்பது எல்லாம் செய்பவராக இருந்தால் 15 போதாது. 20, 25 என்று பேசுங்கள்.

சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட முடியவில்லை. சிங்கப்பூருக்கு வந்த புதிதில் அறை தேடியபோது, என் பெயரைக் கேட்டதும் "இந்தியரா, சமைப்பீர்களா" என்று கேட்டுத் தொலைபேசியை வைத்த முகவர்கள் உண்டு. விளம்பரத்திலேயே இந்தியர்கள் வேண்டாம் என்று எழுதியவர்களும் உண்டு. அதை அனுபவித்த அதே குடும்பத்தில் பிறந்த என் அண்ணன், "கறி சமைக்கிற குடும்பங்களை எடுக்காதே, வாசம் போகாது" என்று எனக்கே செய்தி அனுப்பினார். நான் பதில் போடவில்லை. அந்த வாரம் காஜாங்கிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்தேன். அடுப்பைத் துடைத்து வைத்துவிட்டுப் போனார்கள்.

பங்கு பேசுவதற்கு முன்னால் கட்டட நிர்வாகத்தின் விதிகளைப் படியுங்கள். நிர்வாகக் கழகம் தன் துணை விதிகள் வழியாகக் குறுகிய கால வாடகையைத் தடை செய்யலாம் என்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றமே 2020இல் தீர்ப்பளித்துவிட்டது. வெளிநாட்டு விருந்தினர்களுக்கு அறைக்கு ஓரிரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியும் உண்டு. ஜொகூரில் நன்றாகப் போகிறதே என்று இதையே சிங்கப்பூர் வீட்டில் முயல வேண்டாம். இங்கே வாடகைக்கு விடுவது தனியார் வீடு என்றால் குறைந்தது 3 மாதம், வீவக எனப்படும் அரசாங்க அடுக்குமாடி வீடு என்றால் 6 மாதம். அதற்குக் குறைவாக விடுவது சட்டப்படி குற்றம். உங்கள் வீட்டுப் பணிப்பெண்ணை அனுப்பி வாடகை வீட்டைச் சுத்தம் செய்ய வைக்கும் யோசனையும் வேண்டாம். அவருடைய வேலை அனுமதி உங்கள் வீட்டு வேலைக்கு மட்டும்தான்.

என் பெரியம்மா, "குடும்பத்துக்குள் கணக்குப் பார்க்கிறாள்" என்று மூன்று வீடுகளில் சொல்லியிருக்கிறார். தீபாவளிக்கு அந்த வீட்டில் இரண்டு இரவு தங்க வேண்டும் என்று அண்ணன் மூலம் கேட்டும் அனுப்பியிருக்கிறார். அந்தத் தேதிகளுக்கு முன்பதிவு ஆகிவிட்டது. ரத்து செய்வதாக இருந்தால் அண்ணனே செய்யட்டும் என்று சொல்லிவிட்டேன்.