அயர்ன் ஃபிஸ்ட்: செத்தவர் எப்படித் திரும்பினார், எந்த இதழில் தொடங்குவது?

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் வாங்கியதும், பிரான்சிலிருந்து வந்த உறவினர் விட்டுப்போன பெட்டியில் இருந்ததுமாக என்னிடம் சில காமிக்ஸ் இதழ்கள் உள்ளன. மார்வெல் பிரீமியர் 17, 21; மார்வெல் டீம்-அப் 64; பவர் மேன் 48; பவர் மேன் அண்ட் அயர்ன் ஃபிஸ்ட் 125; அதோடு இம்மார்ட்டல் அயர்ன் ஃபிஸ்ட் முதல் தொகுப்பு. எந்த வரிசையில் படிப்பது? 125-ல் அயர்ன் ஃபிஸ்ட் ஆன டேனி ராண்ட் செத்துப்போகிறார், தொகுப்பிலோ உயிரோடு இருக்கிறார். கடலூர் நண்பர்கள் இருவரில் ஒருவர் 1975 முதல் இதழில் தொடங்கச் சொல்கிறார், இன்னொருவர் பழையதெல்லாம் வேண்டாம், 2006-க்குப் பிறகு வந்தது போதும் என்கிறார். மார்வெலின் இன்னொரு குங் ஃபூ நாயகரான ஷாங்-சியையும் படித்தாக வேண்டுமா? சில இதழ்களில் ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்துவிட்டது, அதற்கு என்ன செய்யலாம்?

பதில்: 1975 என்று சொன்ன நண்பர் பாதி சரி. அயர்ன் ஃபிஸ்ட் என்ற பெயரிலேயே முதல் இதழ் வந்தது அந்த வருடம்தான். ஆனால் டேனியின் கதை அதற்கு ஒன்றரை வருடம் முன்பே, 1974 மே மாத மார்வெல் பிரீமியர் 15-ல் தொடங்கிவிட்டது. எழுதியவர் ராய் தாமஸ், வரைந்தவர் கில் கேன். ஒன்பது வயதுப் பையன் அப்பா அம்மாவோடு குன்-லுன் என்ற மாய நகரத்தைத் தேடி மலையேறுவது, கூட வந்த தொழில் கூட்டாளி ஹெரால்ட் மீச்சம் அப்பாவைக் கொல்வது, அங்கே குரு லெய் குங்கிடம் பயிற்சி, ஷோ-லாவ் என்ற டிராகனின் உருகிய இதயத்தில் கையை வைத்துச் சக்தி பெறுவது எல்லாம் அங்கே இருக்கின்றன. 1975 இதழ் இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் நகரும்.

இந்தத் தொடரைச் சிக்கல் என்று எல்லோரும் சொன்னாலும் உண்மையில் முடிச்சு விழுந்த இடங்கள் சிலதான். ஒவ்வொன்றுக்கும் காரணம் பத்திரிகை அலுவலகத்தில் இருக்கிறது: எழுத்தாளர் மாறினார், விற்பனை சரிந்தது, இதழ் நின்றது, உரிமம் முடிந்தது. எங்கே எதனால் அறுந்தது என்று தெரிந்துவிட்டால், அடுத்து எடுக்க வேண்டிய இதழ் எது என்பதில் குழப்பம் வராது. முத்து, லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்த நமக்கு இது புதிது. இங்கே பதிப்பாளரே கதையைத் தேர்ந்தெடுத்து முழுசாகக் கையில் கொடுத்துவிடுவார். அங்கே கதை பாதியில் நின்று வேறொருவரின் பத்திரிகையில் போய் முடியும். (இரும்புக்கை மாயாவிக்கும் இவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் பிரிட்டிஷ் தொடர் நாயகர்.)

முதலில் மார்வெல் பிரீமியர் 15 முதல் 25 வரை. பதினோரு இதழுக்கு ஐந்து எழுத்தாளர்கள்: 15-ல் ராய் தாமஸ், 16-ல் லென் வெய்ன், 17 முதல் 19 வரை டக் மென்ச், 20 முதல் 22 வரை டோனி இசபெல்லா, 23 முதல் கிறிஸ் கிளேர்மாண்ட். டேனியின் பேச்சும் குணமும் இதழுக்கு இதழ் மாறுவதாகத் தோன்றினால் காரணம் இதுதான். ஒருவர் போட்ட விதையை அடுத்தவர் தண்ணீர் ஊற்றாமல் விட்டுவிடுவார். உங்களிடம் உள்ள 17-ல் டேனி பொறிகள் நிறைந்த மீச்சம் கட்டடத்துக்குள் தளம் தளமாக ஏறுகிறார். பழி தீருகிறதா என்பது 18-ல்தான் தெரியும். ஆகவே 18 கையில் இல்லாமல் 17-ஐத் திறக்காதீர்கள். இந்தக் காலத்து இதழ்களில் கதை சொல்லும் வாசகங்கள் டேனியைப் பார்த்து 'நீ' என்று பேசும். மொழிபெயர்ப்புப் பிழையோ அச்சுப் பிழையோ என்று நினைத்துவிட வேண்டாம், வேண்டுமென்றே செய்த நடை அது. நாலு பக்கம் போனால் பழகிவிடும்.

25-ல் ஜான் பர்ன் ஓவியராகச் சேர்கிறார். அங்கிருந்து அயர்ன் ஃபிஸ்ட் 1 முதல் 15 வரை கிளேர்மாண்ட், பர்ன் ஜோடிதான். தொடர் காலூன்றியது இங்கேதான், என் கணக்கில் சிறந்த பகுதியும் இதுதான். இதில் 14-ஆம் இதழ் (ஆகஸ்ட் 1977) பின்னாளில் எக்ஸ்-மென் வில்லனாகப் பேர்பெற்ற சேபர்டூத் முதன்முதலாக வந்த இதழ் என்பதால் விலை எகிறிக் கிடக்கிறது. படிப்பதற்காக அசலைத் தேடிக் காசைக் கொட்டாதீர்கள், கடைசியில் சொல்லும் எபிக் தொகுப்பிலேயே இருக்கிறது. அசல் மாதிரியே அட்டை போட்ட மறுபதிப்பை அசல் என்று தள்ளிவிடும் ஆளும் உண்டு. உள்ளே சிறு எழுத்தில் இருக்கும் வருடத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

முதல் பெரிய முடிச்சு இதற்குப் பிறகு. 1977 செப்டம்பரில் 15-ஆம் இதழோடு பத்திரிகை நின்றுவிட்டது. அப்போது லெய் குங்கின் மகன் டேவோஸ், அதாவது ஸ்டீல் சர்ப்பண்ட், டேனியின் சக்தியைப் பறிக்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தான். கதை அந்தரத்தில் நின்றது. அதே ஜோடி அதை மார்வெல் டீம்-அப் 63, 64-ல் முடித்தது. டீம்-அப் ஸ்பைடர்-மேனின் பத்திரிகை. ஒவ்வொரு இதழிலும் அவரோடு வேறொருவர் சேருவார். 63-ன் அட்டையில் அயர்ன் ஃபிஸ்ட் பெயர் இருக்கும். 64-ல் இருக்காது, டேனியின் தோழிகளான மிஸ்டி நைட், கொலீன் விங் இருவரின் கூட்டுப்பெயரான டாட்டர்ஸ் ஆஃப் தி டிராகன்தான் இருக்கும். பலர் 64-ஐத் தவறவிடுவது இதனால்தான். உங்களிடம் அதுவே இருப்பது நல்லது. முன்பாதியான 63-ஐ மட்டும் தேடிப் பிடியுங்கள்.

64-ல் இன்னொரு நுணுக்கம். மிஸ்டி நைட் அறிமுகமானது உங்களிடம் உள்ள மார்வெல் பிரீமியர் 21-ல். ஆனால் 1972-ல் வந்த டீம்-அப் முதல் இதழில் ஸ்பைடர்-மேன் காப்பாற்றிய பெயரில்லாத பெண் மிஸ்டிதான் என்று 64 சொல்கிறது. முதல் தோற்றம் எது என்று இரண்டு பேர் இரண்டு எண் சொன்னால் இருவருமே சரி: வெளிவந்த கணக்கில் 21, கதைக்குள் டீம்-அப் 1.

64-லும் பவர் மேன் 48-லும் ஒரே மாதம், டிசம்பர் 1977 என்று போட்டிருக்கும். எது முன்னே? 64-ஐ முடித்துவிட்டு 48-க்குப் போங்கள். 48-ல் புஷ்மாஸ்டர் என்பவன், பவர் மேனான லூக் கேஜுக்கு வேண்டியவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, மிஸ்டியைக் கடத்தி வரச் சொல்லி மிரட்டுகிறான். அது 49, 50-ல் முடிகிறது. பொதுவாகவே அட்டை மாதத்தை முழுசாக நம்ப வேண்டாம். கடையில் வந்த தேதிக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளித்தான் அச்சிடுவார்கள். நம்ப வேண்டியது, கட்டத்தின் மூலையில் நட்சத்திரக் குறி போட்டு ஆசிரியர் எழுதும் 'இன்ன இதழைப் பார்க்க' என்ற அடிக்குறிப்பை.

பவர் மேன் அண்ட் அயர்ன் ஃபிஸ்ட் 1 முதல் 49 வரை தேடி அலையாதீர்கள், அப்படி எதுவும் கிடையாது. ஒரே எண் வரிசை மூன்று பெயரில் ஓடியது: 1972-ல் தொடங்கி 16 வரை ஹீரோ ஃபார் ஹயர், 17 முதல் 49 வரை பவர் மேன், 50 முதல் அட்டையில் இருவர் பெயரும். தனித்தனியாகச் சரியாக விற்பனையாகாத இரண்டு பத்திரிகைகளை ஒன்றாக்கியதன் விளைவு இது. அட்டை மாறினாலும் உள்ளே சிறு எழுத்தில் 66 வரை பழைய பெயரே இருந்தது. அதைப் பார்த்து வேறு இதழ் என்று ஒதுக்கிவிடாதீர்கள். இந்தப் பகுதியில் 56 முதல் 84 வரை பெரும்பாலும் மேரி ஜோ டஃபி எழுதியது. இருவரின் நட்பு நிஜமாகவே நட்பாகத் தெரிவது அவர் கையில்தான்.

இனி சாவு. 125 (செப்டம்பர் 1986) கடைசி இதழ். டேனியைக் கொல்வது கேப்டன் ஹீரோ, உண்மையில் நோயாளிச் சிறுவன் ஒருவன். பழி லூக் கேஜ் மேல் விழுகிறது. வாசகர்கள் கொதித்துப்போன முடிவு அது. அதை மாற்றியது, தொடக்க காலத்தில் டேனியை வரைந்த அதே ஜான் பர்ன். 1990-ல் அவர் தொடங்கிய, கடலரசன் நமோரைப் பற்றிய நமோர் பத்திரிகையில், செத்தது டேனி அல்ல, ஹைல்த்ரி என்ற செடி இனம் உருவாக்கிய போலி என்று தெரியவருகிறது. இதிலும் ஒரு கண்ணி உண்டு. நமோரில் முதலில் தலைகாட்டும் 'உயிரோடு இருக்கும் டேனி' வேஷம் போட்ட சூப்பர்-ஸ்க்ரல் என்ற உருமாறும் வேற்றுக்கிரகவாசி. அந்த இடத்தோடு நிறுத்திவிட்டவர்கள் டேனி திரும்பவே இல்லை என்று வாதாடுவார்கள். இன்னும் தள்ளிப் படித்தால் அசல் டேனி வருவார். ஆகவே 125-ஐ முடித்ததும் அடுத்து எடுக்க வேண்டியது அயர்ன் ஃபிஸ்ட் பெயர் போட்ட எதுவும் அல்ல, நமோர்.

உங்கள் தொகுப்பு 2006 கடைசியில் தொடங்கிய தொடர். எட் புரூபேக்கர், மாட் ஃபிராக்‌ஷன் எழுத, டேவிட் அஹா வரைந்தது. டேனிக்கு முன்பும் இந்தச் சக்தியை ஏந்தியவர்கள் பலர், குன்-லுன்னைப் போல மொத்தம் ஏழு நகரங்கள் என்று கதையை அகலமாக்கியது இதுதான். இது பழைய கதையை அழிக்கவில்லை, அதன் அடியில் புது அஸ்திவாரம் போடுகிறது. இரண்டாவது நண்பர் சொல்வதுபோல் இதிலேயே தொடங்கலாம், புரியும். ஆனால் எதிரியாக டேவோஸ் வந்து நிற்கும்போது டீம்-அப் 63, 64 படித்தவருக்குக் கிடைக்கும் ருசி படிக்காதவருக்குக் கிடைக்காது. புரூபேக்கர், ஃபிராக்‌ஷன் கூட்டணி 14 வரை, ஃபிராக்‌ஷன் 16 வரை. 17 முதல் 27 வரை டுவான் ஸ்வியர்சின்ஸ்கி. 16-ல் நிறுத்தினாலும் குறையாகத் தெரியாது. ஏறத்தாழ இதே காலத்து சிவில் வார் கதையில் டேர்டெவில் என்ற வேறொரு நாயகரின் உடையில் திரிபவர் டேனிதான்.

ஒன்றாம் எண் இதழைப் பார்த்தால் வருடம் கேளுங்கள். அயர்ன் ஃபிஸ்ட் 1 என்று 1975, 1996, 1998, 2004, 2017 எல்லாவற்றிலும் உண்டு. 2017 தொடரில் 7-க்கு அடுத்த இதழ் 73! முந்தைய தொடர்களின் எண்ணிக்கையையும் கூட்டிப் பழைய கணக்குக்குத் திரும்பினார்கள். நடுவில் எதுவும் காணாமல் போகவில்லை. 2021-ல் ஹார்ட் ஆஃப் தி டிராகன் கதையில் டேனி சக்தியைக் கைவிட, 2022-ல் லின் லீ புதிய அயர்ன் ஃபிஸ்ட் ஆனார்.

2017 நெட்ஃபிளிக்ஸ் தொடரைத் தனியே வையுங்கள். அதில் ஹெரால்ட் மீச்சத்தின் பிள்ளைகள் வார்டும் ஜாயும், அண்ணன் தங்கை. காமிக்ஸில் ஜாய் மட்டும்தான் மகள்; வார்ட் அவளுக்குச் சித்தப்பா முறை, ஹெரால்டின் சகோதரர். நண்பர்களுக்குள் சண்டை வருவது பெரும்பாலும் இந்த இரண்டையும் கலப்பதால்தான்.

ஷாங்-சி கட்டாயமில்லை. அவர் 1973 டிசம்பர் ஸ்பெஷல் மார்வெல் எடிஷன் 15-ல் வந்தார். 17 முதல் அந்தப் பத்திரிகையே மாஸ்டர் ஆஃப் குங் ஃபூ ஆகி 1983-ல் 125-ஆம் இதழோடு முடிந்தது. அங்கே முடிச்சு வேறு. அவருடைய அப்பாவாகக் காட்டிய ஃபூ மாஞ்சு, சாக்ஸ் ரோமர் நாவல்களிலிருந்து உரிமம் பெற்ற பாத்திரம். உரிமம் போனதும் அந்தப் பெயரைச் சொல்ல முடியவில்லை, பழைய இதழ்களையும் நீண்ட காலம் மறுபதிப்பு செய்ய முடியவில்லை. 2010-ல் அப்பாவுக்கு ஜெங் ஜூ என்ற பெயர் வந்தது. இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று நினைவில் இருந்தால் போதும்.

இன்னும் வாங்குவதானால் மார்வெலின் மறுபதிப்பான எபிக் கலெக்‌ஷன் வரிசையில் தி ஃபியூரி ஆஃப் அயர்ன் ஃபிஸ்ட் என்ற ஒரே புத்தகம் போதும். பிரீமியர் 15–25, அயர்ன் ஃபிஸ்ட் 1–15, டீம்-அப் 63–64, பவர் மேன் 48–49, அடுத்த 50 எல்லாம் சரியான வரிசையில் அதில் உள்ளன. டெட்லி ஹேண்ட்ஸ் ஆஃப் குங் ஃபூ என்ற கறுப்பு வெள்ளைப் பத்திரிகையில் 19 முதல் 24 வரை வந்த கதை அதில் இல்லை. பெட்டியில் ஸ்ட்ரேஞ்ச் போன்ற பழைய பிரெஞ்சு இதழ்கள் இருந்தால் அவற்றின் எண்ணை அமெரிக்க எண்ணோடு பொருத்திப் பார்க்காதீர்கள். பல தொடர்களைக் கலந்து தங்கள் சொந்த எண்ணில் போட்டவை அவை.

துரு விஷயத்தைத் தள்ளிப்போட வேண்டாம். பின் அறுந்தால் முதலில் கழன்று விழுவது அட்டையும் அதை ஒட்டிய தாளும்தான். எழுபதுகளின் மார்வெலில் பெயர், எண், மாதம், வருடம் அச்சான சிறு எழுத்து அந்த முதல் பக்கத்தின் அடியில்தான் இருக்கிறது. இதழை நடுப்பக்கத்தில் விரித்து, மழுங்கிய கத்தி முனையால் பின்னின் இரண்டு காலையும் மெல்ல நிமிர்த்தி, வெளிப்பக்கமிருந்து இழுங்கள். பின் பிடுங்கும் கருவி தாளைக் கிழித்துவிடும். பிறகு அதே துளைகளில் பருத்தி நூலைக் கோத்து முடிச்சுப் போடலாம். விற்கும் எண்ணம் இருந்தால் மட்டும் பின்னைத் தொடாதீர்கள், மாற்றினால் மதிப்பு குறையும். செலோடேப் எக்காரணம் கொண்டும் வேண்டாம்; கறை தாளுக்குள் இறங்கிவிடும். பிவிசி உறை மையோடு ஒட்டிக்கொள்ளும், பாலிப்ரொப்பிலீன் உறையும் அமிலமில்லா அட்டையும் வாங்குங்கள். பெட்டியைத் தரையில் வைக்காமல், வெளிச்சுவரில் ஒட்டாமல் அலமாரியில் நிறுத்தி வைத்தால் ராமபாணப் பூச்சித் தொல்லை குறையும். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ளே போட்டு, ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒரு தடவை பாருங்கள். இதழோடு உறைக்குள் வைக்கும் ஒவ்வொரு அமிலமில்லா அட்டையின் பின்னாலும் பென்சிலால் பத்திரிகை பெயர், எண், வருடம், அடுத்துப் படிக்க வேண்டிய இதழ் என்று எழுதி வையுங்கள். உங்கள் 125-ஓடு வைக்கும் அட்டையில் 'அடுத்து: நமோர்' என்று.