கைடு வகுப்புத் தருவாரா? ஆய்வு மாணவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

ராமநாதபுரம் கடலோரத்துக் கல்லூரிகளில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பேராசிரியர் வேலையை மனதில் வைத்திருக்கும் முதுகலை, பிஎச்.டி. மாணவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தொண்டி, பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு மாணவி: சார், எங்கள் கைடு (ஆய்வு நெறியாளர்) "முதலில் ஆய்வுக் கட்டுரையை எழுதும்மா, பாடம் அப்புறம் நடத்தலாம்" என்கிறார். வகுப்புக் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ?

கேட்கிற விதத்தில் கேளுங்கள் அம்மா. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 பிஎச்.டி. விதிமுறையிலேயே இதற்கு இடம் இருக்கிறது. எந்தத் துறை ஆய்வு மாணவரும் கற்பித்தலில் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. டுடோரியல், ஆய்வகம், மதிப்பீடு போன்றவற்றில் வாரம் 4 முதல் 6 மணி நேரம் அவருக்கு வேலை ஒதுக்கலாம் என்றும் சொல்கிறது. கவனியுங்கள், 'ஒதுக்கலாம்'தான். என் உரிமை என்று சண்டைக்குப் போக முடியாது. அதனால் "ஒரு பாடம் முழுக்க எனக்குக் கொடுங்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். "எம்.எஸ்சி. பிராக்டிகலில் கடல்நீரின் உப்புத்தன்மை பார்க்கிற இரண்டு வகுப்பை மட்டும் நான் எடுக்கிறேன், ரெக்கார்டு நோட்டையும் திருத்திக் கொடுத்துவிடுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். மேஜையில் இருக்கிற ரெக்கார்டு நோட்டுக் கட்டு குறைகிறது என்றால் எந்த கைடும் முகம் சுளிக்க மாட்டார். நானும் அதற்கு மயங்கியவன்தான்.

கீழக்கரை, நெட் (உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வு) தேர்ச்சி பெற்றவர்: சுயநிதிக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து அனுபவம் சேர்ப்பதா, பிஎச்.டி.க்குப் போவதா?

யுஜிசியின் 2018 விதிமுறையில், உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு ஆட்களைச் சலித்தெடுக்க ஒரு மதிப்பெண் பட்டியல் இருக்கிறது. அதில் கற்பித்தல் அனுபவத்துக்கு வருடத்துக்கு 2, அதிகபட்சம் 10. பிஎச்.டி.க்கு, வேலை பல்கலைக்கழகத்தில் என்றால் 30, கல்லூரியில் என்றால் 25. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இந்த மதிப்பெண் அழைப்பு வரும் வரைக்கும்தான், உள்ளே போனபின் நேர்காணல் மட்டுமே பேசும். டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) வழியாக அரசுக் கல்லூரிக்குப் போவதென்றால் அந்தந்த அறிவிக்கையைத்தான் படிக்க வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. முழுநேரமாக பிஎச்.டி. செய்த வருடங்கள் கற்பித்தல் அனுபவத்தில் சேராது. வேலையில் இருந்துகொண்டே, லீவு எதுவும் எடுக்காமல் ஆய்வும் செய்தால் அந்தப் பணிக்காலம் சேரும். ஜேஆர்எஃப் (ஆய்வு உதவித்தொகை) கையில் இருந்தால் முழுநேரமாகப் போய்விடுங்கள், வெறும் நெட் என்றால் வேலையோடு பகுதிநேரம். இது என் கருத்து, வீட்டு நிலைமை பார்த்து முடிவெடுங்கள்.

எங்கே சேர்ந்தாலும் நியமன ஆணையை வாங்குங்கள், சம்பளம் வங்கிக் கணக்கில் விழட்டும். நான் முதலில் வேலை பார்த்த கல்லூரியில் சம்பளத்தைக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் தொண்டை கிழியக் கத்தியதற்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

பாம்பன், எம்.எஸ்சி. இறுதியாண்டு மாணவர்: செமினார் எடுக்கவே கை நடுங்குகிறது சார். ஆங்கிலமும் தடுமாறுகிறது. நான் ஆசிரியராக முடியுமா?

என் முதல் வகுப்பைச் சொல்கிறேன் தம்பி. ஒரு மணி நேரத்துக்கு என்று தயாரித்தது இருபது நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. கடல் நீரோட்டம், பருவக்காற்று எல்லாம் ஆங்கிலத்தில் மனப்பாடம். மிச்ச நேரம் என்ன செய்வது என்று தெரியாமல், "வடகிழக்குப் பருவக்காற்று வந்தால் இங்கே என்ன ஆகும்?" என்று சும்மா கேட்டேன். கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பையன், "வடகடல் பொங்கும் சார், தென்கடல் அடங்கிக் கிடக்கும். எங்கப்பா வள்ளத்தைத் தெற்கே கொண்டு போயிருவாரு" என்றான். வடகடலான பாக் விரிகுடாவையும் தென்கடலான மன்னார் வளைகுடாவையும் அவன் ஒரே வரியில் சொல்லி முடித்தான். அன்றைக்கு மீதி நாற்பது நிமிடமும் அவன் சொன்னது ஏன் அப்படி என்பதுதான் பாடம். மறுவாரத்தில் இருந்து கேள்வியைத்தான் முதலில் எழுதிக்கொண்டு போனேன்.

ஆங்கிலத்துக்கு ஒரு வழி இருக்கிறது. கலைச்சொல்லை ஆங்கிலத்தில் சொல்லுங்கள், விளக்கத்தைத் தமிழில் கொடுங்கள், பிறகு அதே விளக்கத்தை இரண்டு எளிய ஆங்கில வாக்கியத்தில் போர்டில் எழுதுங்கள். நடுக்கத்துக்கு, ஹாஸ்டலில் நான்கு பேரை உட்கார வைத்துப் பத்து நிமிடம் நடத்துங்கள். ஒருவர் செல்போனில் பதிவு செய்யட்டும். திரும்பப் பார்க்கக் கூச்சமாகத்தான் இருக்கும், பாருங்கள். நான் போர்டைப் பார்த்தே பேசுகிறேன் என்பது எனக்கே ஆறு வருடம் கழித்து ஒரு மாணவி சொல்லித்தான் தெரிந்தது.

மண்டபம், பொருளியல் ஆய்வு மாணவர்: நேர்காணலில் டெமோ வகுப்பு எடுக்கச் சொல்கிறார்கள். எந்தத் தலைப்பு எடுபடும்?

உங்கள் ஊரையே எடுங்கள். பொதுவளம் என்பது பொருளியலில் பெரிய அதிகாரம். இங்கே விசைப்படகுக்கு வாரம் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று கடலைப் பங்கு போட்டிருக்கிறார்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் இருக்கிறது. "இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் யாருக்கு முதலில் நட்டம்?" என்று கேட்டு ஆரம்பித்தால் குழுவில் இருப்பவர்களே பதில் சொல்ல வாயைத் திறப்பார்கள். ஸ்லைடு மூன்றுக்கு மேல் வேண்டாம். கரண்ட் போனால் சாக்பீஸில் நடத்தத் தெரிய வேண்டும்.

தங்கச்சிமடம், பிஎச்.டி. சேர இருப்பவர்: இல்லம் தேடிக் கல்வியில் ஒரு வருடம் தன்னார்வலராக இருந்தேன். இது கணக்கில் வருமா?

மதிப்பெண்ணுக்கு வராது. ஆனால் நேர்காணலில் தாராளமாகச் சொல்லுங்கள். எந்தப் பாடத்தில் பிள்ளைகள் மாட்டிக்கொண்டார்கள், நீங்கள் எதை மாற்றினீர்கள் என்று ஒரு சம்பவத்தோடு சொல்ல வேண்டும். சேவை செய்தேன் என்று மட்டும் நிறுத்தினால் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகளுக்கு இப்போதும் வகுப்பு எடுக்கிறீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன், படகு கரைக்கு வருகிற நேரத்தில் வைக்காதீர்கள். பாதிப் பேர் அங்கே போய்விடுவார்கள்.