கடற்கரைக் கால்பந்து உலகப் போட்டியைச் சென்னையில் நடத்தலாமா?

உள்ளூர்க் கடற்கரைக் கால்பந்துப் போட்டிகளுக்குக் களம் அமைப்பவன் நான். உலகக் கோப்பை பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

வியாசர்பாடி இளைஞர்: அண்ணா, புல்தரையில் ஆடுகிறவர்கள் அப்படியே மணலில் இறங்கலாமா?

தாராளமாக இறங்குங்கள் தம்பி. ஆனால் ஆட்டம் வேறு. கோல்கீப்பரையும் சேர்த்து அணிக்கு ஐந்து பேர், வெறுங்கால், 12 நிமிடங்களாக மூன்று பகுதிகள். எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். மணலில் பந்து உருளாது என்பதால் காற்றிலேயே வைத்து ஆடப் பழக வேண்டும். எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் ஃப்ரீ கிக்கின்போது வீரர்கள் வரிசையாக நின்று தடுப்புச் சுவர் அமைக்க முடியாது. அதனால் ஒரு சின்னத் தவறும் கோலாகிவிடும்.

அடையாறு வாசகி: மெரினாவில் மணலுக்கா பஞ்சம்? கம்பம் நட்டால் போதாதா?

போதாது அம்மா. மணல் குறைந்தது 40 செ.மீ. ஆழம் இருக்க வேண்டும். கிளிஞ்சல், கூழாங்கல், கண்ணாடித் துண்டு எதுவும் இல்லாமல் சலித்துச் சமன் செய்ய வேண்டும். வெறுங்காலில் ஓடுகிறவனுக்கு நாம் செய்யும் முதல் மரியாதை அதுதான். களம் 35 முதல் 37 மீட்டர் நீளம், 26 முதல் 28 மீட்டர் அகலம். எல்லைக்கு நாடா கட்டுவோம். நடுக்கோடு வரைவதில்லை, இரு பக்கமும் சிவப்புக் கொடி நடுவார்கள்.

கடலே இல்லாத பராகுவே 2019-இல் உலகக் கோப்பையை நடத்தியது. 2021-இல் மாஸ்கோவிலும் நடந்தது. அதனால் கடற்கரையை விட்டுத் தள்ளி, நகருக்குள் ஒரு மைதானத்தில் மணல் கொட்டி நடத்துவதையே நான் விரும்புகிறேன்.

பெசன்ட் நகர் வாசகர்: அப்படித் தள்ளிப் போக என்ன அவசியம்?

காலண்டரைப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜனவரி தொடங்கிப் பங்குனி ஆமைகள் நம் கரைக்கு முட்டையிட வருகின்றன. சுமார் ஒன்றரை மாதத்தில் குஞ்சு வெளிவரும். கடல் இருக்கும் திசையை அவை வெளிச்சத்தை வைத்தே அறிகின்றன. மின்விளக்குகளை எரியவிட்டால் சாலைப் பக்கம் நகர்ந்து செத்துப்போகும். ஒரு கோப்பைக்காக அதைச் செய்யக் கூடாது. மே மாதம் கத்திரி வெயில். மிஞ்சுவது ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, அதுவும் மாலை ஆட்டங்கள் மட்டும்.

தாம்பரம் மாணவர்: ஆட்டம் சமனில் முடிந்தால்?

மூன்று நிமிடக் கூடுதல் நேரம், பிறகு பெனால்டி. குழுச் சுற்றில் நேரத்துக்குள் வென்றால் 3 புள்ளி, கூடுதல் நேரத்தில் 2, பெனால்டியில் 1.

பெரம்பூர் பயிற்சியாளர்: இந்தியா எப்போது ஆடும்?

பங்கேற்பது 16 அணிகள். 2025-இல் சீஷெல்ஸில் நடந்தபோது ஆசியாவிலிருந்து ஈரான், ஓமன், ஜப்பான் தகுதி பெற்றன. பிரேசில் கோப்பையை வென்றது. போட்டியை நடத்தும் நாட்டுக்கு நேரடி இடம் உண்டு. 2013-இல் தஹிதி அப்படித்தான் தன் ஊரில் நடத்தியது. அடுத்து 2015, 2017 இரண்டிலும் இறுதி ஆட்டம்வரை சென்றது! அந்தக் குட்டித் தீவால் முடிந்தது காசிமேட்டுப் பிள்ளைகளால் முடியாதா?

ஊரூர் குப்பம் மீனவர்: ஐயா, கரையிலேயே நடத்தினால் எங்கள் படகும் வலையும் எங்கே போகும்?

எங்கும் போகக் கூடாது ஐயா. கடலோர ஒழுங்குமுறை அனுமதி, மாநகராட்சி அனுமதி எல்லாம் பிறகு. முதலில் உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். படகு ஏற்றி இறக்கும் வழியையும் வலை உலர்த்தும் இடத்தையும் நீங்கள் குறித்துக் கொடுத்த பிறகே களத்துக்கு அளவெடுக்க வேண்டும்.