சமபக்க முக்கோணத்தின் உள்வட்ட ஆரம்: கேள்வி பதில்

கேள்வி: பக்கம் 12 செ.மீ. உள்ள சமபக்க முக்கோணத்தின் உள்வட்ட (மூன்று பக்கங்களையும் உள்ளிருந்து தொடும் வட்டத்தின்) ஆரத்தை, சூத்திரத்தை மனப்பாடம் செய்யாமல் காண வழி உண்டா?

பதில்: உண்டு. உள்வட்ட மையத்தை மூன்று முனைகளோடும் இணைத்தால் மூன்று சம முக்கோணங்கள் கிடைக்கும். வட்டம் பக்கத்தைத் தொடும் புள்ளிக்கு வரையும் ஆரம் அப்பக்கத்துக்குச் செங்குத்தாக அமைவதால், ஒவ்வொன்றின் உயரமும் அந்த ஆரமே. ஒரு சிறு முக்கோணத்தின் பரப்பு முழுப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு; அடிப்பக்கமோ இரண்டுக்கும் ஒன்றே; ஆகவே ஆரம் முழு உயரத்தில் மூன்றில் ஒரு பங்காகத்தான் இருக்க முடியும். உயரத்தைப் பித்தாகரஸ் தேற்றம் தரும்: 144-இலிருந்து 36-ஐக் கழித்தால் 108, அதன் வர்க்கமூலம் 6√3. எனவே ஆரம் 2√3, அதாவது ஏறத்தாழ 3.46 செ.மீ.

கேள்வி: நடுக்கோடுகள் (முனையை எதிர்ப்பக்க நடுப்புள்ளியோடு இணைப்பவை) சந்திக்கும் நடுக்கோட்டு மையம் நடுக்கோட்டை 2:1 எனப் பிரிக்கும் என்பதை வைத்துக் கணக்கிட்டேன். எனக்கு 4√3 வந்தது. எங்கே பிழை?

பதில்: சமபக்க முக்கோணத்தில் அதுவே உள்வட்ட மையமும்; எனவே விகிதம் சரி, எடுத்துக்கொண்ட துண்டுதான் மாறிவிட்டது. முனையிலிருந்து மையம் வரையுள்ள நீண்ட துண்டு சுற்றுவட்டத்தின் (மூன்று முனைகள் வழியே செல்லும் வட்டத்தின்) ஆரம்; மையத்திலிருந்து பக்கம் வரையுள்ள குறுந்துண்டே உள்வட்டத்தின் ஆரம். படம் வரையாமல் கணக்கிட்டால் இது எளிதில் நேரும். உங்கள் விடைப்படி விட்டம் 8√3 ஆகிறது. 6√3 உயரமுள்ள முக்கோணத்துக்குள் அது எப்படி அடங்கும் என்று ஒரு கணம் நினைத்திருந்தால் பிழை அப்போதே தெரிந்திருக்கும்.

கேள்வி: எந்த முக்கோணத்துக்கும் உயரத்தை 3 ஆல் வகுக்கலாமா?

பதில்: கூடாது. எல்லா முக்கோணங்களுக்கும் பொருந்துவது, பரப்பளவை அரைச்சுற்றளவால் வகுக்கும் முறை. பக்கங்கள் 3, 4, 5 எனில் பரப்பளவு 6, அரைச்சுற்றளவும் 6, ஆரம் 1. இதன் உயரங்கள் 3, 4, 2.4. முதல் உயரத்தின் மூன்றில் ஒரு பங்கு 1 ஆக அமைந்தது தற்செயல்; மற்ற இரண்டும் ஒத்துவரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் மூன்று உயரங்களின் தலைகீழிகளை (1-ஐ அந்தந்த எண்ணால் வகுத்தவற்றை) கூட்டினால் எந்த முக்கோணத்திலும் ஆரத்தின் தலைகீழி கிடைக்கும். சமபக்க முக்கோணத்தில் உயரங்கள் மூன்றும் சமம் என்பதால்தான் அது எளிய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது.

கேள்வி: சமபக்க முக்கோணத்தின் பரப்பில் உள்வட்டம் எவ்வளவை அடைக்கும்?

பதில்: பக்கம் எதுவாயினும் ஏறத்தாழ 60.46 விழுக்காடு.

கேள்வி: ஆரம் 5 செ.மீ. என்று மட்டும் தெரிந்தால் பக்கம்?

பதில்: ஆரத்தை 2√3 ஆல் பெருக்குங்கள்: 10√3, ஏறத்தாழ 17.32 செ.மீ.