கிளட்ச் மிதிக்காத சின்ன வண்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, வணக்கம். எனக்கு 58 வயது. வீடு சாட்ஸ்வொர்த்தில், வேலை டர்பன் நகரத்துக்குள். இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து கிளட்ச் மிதிக்க முடியவில்லை. கையில் ஒரு லட்சம் ராண்ட் இருக்கிறது, கடன் வாங்க விருப்பமில்லை. மூன்று ஆட்டோமேட்டிக் வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஏழு கியர் டிஎஸ்ஜி உள்ள 2015 போலோ, 1,68,000 கி.மீ. ஓடியது. டீலரிடம் நிற்கும் 2010 ஹோண்டா ஜாஸ், 1,48,000 கி.மீ.; சர்வீஸ் புத்தகம் தொலைந்துவிட்டதாம். ஒரு வயதான தம்பதியின் 2012 ஹூண்டாய் ஐ10, 96,000 கி.மீ., புத்தகம் முழுக்க இருக்கிறது. ஓட்டிப் பார்த்ததில் போலோதான் மனசுக்குப் பிடித்தது, மகனும் அதையே சொல்கிறான். எதை வாங்கலாம்?

பதில்: அம்மா, போலோவை விட்டுவிடுங்கள். ஓட்ட இனிமையான வண்டி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பழைய ஆட்டோமேட்டிக் வாங்கும்போது கியர்பாக்ஸைத்தான் வாங்குகிறோம், மற்றதெல்லாம் அதோடு சேர்ந்து வருகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் கெட்டால் பார்க்க நம் பக்கத்தில் தெருவுக்குத் தெரு ஆள் உண்டு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்துச் சரியாகச் சேர்க்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர், சாமான் விலையும் அதிகம். இந்த விலை வண்டிக்கு அந்த பில் வந்தால், சரி பண்ணுவதா விற்பதா என்று நீங்கள் திண்டாட வேண்டியிருக்கும். நான் கியர்பாக்ஸ் பிரிக்கிற வேலையிலேயே தலை நரைத்தவன். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சே வராமல் நிற்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆட்டோமேட்டிக் என்று ஒரே பெயரில் விற்றாலும் உள்ளே இருப்பது நான்கு வகை. பழைய வகை டார்க் கன்வெர்ட்டர் உள்ளது. இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் ஆயில்தான் சக்தியைக் கடத்துகிறது. அதனால் மெதுவாக ஊர்ந்தாலும், மேட்டில் நின்று கிளம்பினாலும் அதற்கு அலுப்பில்லை. உங்கள் ஐ10-இல் இருப்பது இதுதான், நான்கே கியர். அந்தத் தலைமுறை ஜாஸில் இருப்பதும் இதே வகை, ஐந்து கியர். ஆனால் எல்லா ஜாஸும் அப்படி இல்லை. 2008-க்கு முந்தைய முதல் ஜாஸிலும், 2015-இல் வந்த புது ஜாஸிலும் இருப்பது சிவிடி. இரண்டு கூம்புச் சக்கரங்களுக்கு நடுவே ஓர் எஃகு பெல்ட் ஏறி இறங்கும், கியர் மாறுகிற உதறலே தெரியாது. நல்ல சமாச்சாரம்தான், ஆனால் அதற்கென்று உள்ள ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். யாராவது சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றியிருந்தால் பெல்ட் வழுக்கித் தேய ஆரம்பித்துவிடும். பழைய சிவிடியில் முன்னால் என்ன ஊற்றினார்கள் என்பதை யாரும் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது.

மூன்றாவது ஏஎம்டி. சுசூகி செலரியோ, இக்னிஸ் வண்டிகளில் பார்க்கலாம். சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சை உங்களுக்குப் பதிலாக ஒரு மோட்டார் அமுக்குகிறது. கியர் மாறும்போது தலை லேசாக முன்னால் ஆடும். பெட்ரோல் மிச்சம், கிளட்ச் மாற்றுவதும் பெரிய செலவில்லை. சமதரையில் ஓட்டுகிறவருக்கு நான் தாராளமாகச் சொல்வேன். ஆனால் சாட்ஸ்வொர்த் மேடுகளில், நெரிசலில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை நிறுத்திப் பிடிக்கிற பழக்கம் இருந்தால் கிளட்ச் சீக்கிரம் கருகும்.

நான்காவது உங்கள் போலோவில் இருக்கிற டிஎஸ்ஜி, அதாவது இரண்டு கிளட்ச் மாறி மாறிப் பிடிக்கிற டபுள் கிளட்ச், அதிலும் ஆயிலில் முங்காத உலர் கிளட்ச். 2013-இல் ஃபோக்ஸ்வாகனே இந்த ஏழு கியர் பெட்டி உள்ள 16 லட்சம் வண்டிகளை உலகம் முழுவதும் திரும்ப அழைத்து உள்ளே ஆயிலை மாற்றிக் கொடுத்தது. சூடும் ஈரமும் உள்ள ஊர்களில், நின்று நின்று போகிற ஓட்டத்தில், பழைய ஆயில் மின்சாரப் பகுதியில் கோளாறு செய்யலாம் என்பதுதான் காரணம். சூடு, ஈரம், நின்று நின்று போவது: பிப்ரவரி மாத டர்பனேதான். நீங்கள் பார்த்த 2015 வண்டி அதற்குப் பிறகு வந்தது, அந்த ஆயில் பிரச்சினை அதற்கு இல்லை. இருந்தாலும் 1,68,000 கி.மீ. ஓடிய உலர் கிளட்சையும், அதை இயக்குகிற மெக்கட்ரானிக் பெட்டியையும் வாரண்டி இல்லாமல் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். மகனிடம் இதையே சொல்லுங்கள். போலோ விவோ டிப்ட்ரானிக் என்று வருவது வேறு. அதில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர், ஆறு கியர். நல்ல நிலையில் கிடைத்தால் பார்க்கலாம்.

ஆக, ஐ10-ஆ ஜாஸா? ஜாஸ் பெரிய வண்டி, சாலையில் கனமாக உட்காரும், பின்சீட்டின் அடிப்பலகையை மேலே மடித்தால் கோயிலுக்குப் பெரிய அண்டா கூட நிமிர்ந்து நிற்கும். இரண்டுக்கும் ஒரே மாதிரி சர்வீஸ் கணக்கு இருந்திருந்தால் ஜாஸையே சொல்லியிருப்பேன். ஆனால் புத்தகம் இல்லாத ஜாஸுக்கு கியர்பாக்ஸ் ஆயில் ஒரு தடவையாவது மாறியதா என்று டீலருக்கே தெரியாது. ஐ10-இன் புத்தகத்தை முழுக்கப் புரட்டி, கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பதிவு எந்த கிலோமீட்டரில் இருக்கிறது என்று தேடுங்கள். இருந்தால் அதுதான் உங்கள் வண்டி. வேகமெடுக்க இன்ஜின் கொஞ்சம் சத்தம் போடும், மேனுவலைவிடப் பெட்ரோல் கூடக் குடிக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் அந்த மாடலில் இருக்கிறதா என்று மட்டும் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சாவி போட்டதும் அந்த விளக்குகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம்.

பார்க்கப் போவதற்கு முன்பு ஃபோன் பண்ணி, நான் வருகிறவரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள், ஜில்லென்று இருக்க வேண்டும். தேய்ந்த கியர்பாக்ஸ் பலதும் சூடான பிறகு நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும், விடிகாலைக் குளிரில்தான் உண்மை பேசும். ஸ்டார்ட் பண்ணி, பிரேக்கை மிதித்துக்கொண்டு P-யிலிருந்து (பார்க்கிங்) R-க்கு (ரிவர்ஸ்) தள்ளுங்கள். ஒரு விநாடிக்குள் மெல்லப் பிடிக்க வேண்டும். அப்புறம் முன்னால் போகிற D. இரண்டு மூன்று விநாடி ஒன்றுமே நடக்காமல் இருந்து பிறகு ‘தொம்’ என்று பிடித்தால், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கிற கம்பி) உள்ள கியர்பாக்ஸாக இருந்தால் ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரில் ஒரு சொட்டு ஆயில் விடுங்கள். நல்ல ஆயில் சிவப்பாகப் பரவி ஓரத்தில் மெல்லிய ஈர வளையம் கட்டும். வேலை முடிந்த ஆயில் பழுப்பாகி நடுவில் கரும்புள்ளியாக நின்றுவிடும், கருகிய வாடை அடிக்கும். பாம்பே கிரஷ் பானம் மாதிரி பால் கலந்த இளஞ்சிவப்பாக இருந்தால் ரேடியேட்டருக்குள் ஆயில் குளிரும் குழாய் உடைந்து தண்ணீர் கலந்திருக்கிறது. அந்தத் தண்ணீர் உள்ளே கிளட்ச் தகடுகளின் பசையைக் கரைத்துவிடும், அப்புறம் கியர்பாக்ஸே போன மாதிரிதான். கூலண்டுக்குப் பதில் வருடக்கணக்காகக் குழாய்த் தண்ணீர் ஊற்றிய வண்டிகளில் ரேடியேட்டர் துருப்பிடித்து இது நடக்கிறது. அதனால் ரேடியேட்டர் மூடியையும் திறந்து பாருங்கள், இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும்.

ஓட்டிப் பார்ப்பதைத் தெருவைச் சுற்றி முடித்துவிடாதீர்கள். பைன்டவுனிலிருந்து க்ளூஃப் போகிற ஃபீல்ட்ஸ் ஹில்லில் ஏற்றுங்கள். ஆர்பிஎம் முள் ஏறிக்கொண்டே போய் வேகம் ஏறாமல் இருந்தால் உள்ளே வழுக்குகிறது என்று அர்த்தம். மேலே போய் நிறுத்தி மறுபடியும் R, D போட்டுப் பாருங்கள். காலையில் சரியாக இருந்து சூட்டில் தடுமாறுகிற வண்டிகளும் உண்டு.

நம் ஊருக்கென்று இரண்டு விஷயம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் முங்கிய வண்டிகள் இன்னும் கை மாறிக்கொண்டிருக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சுருண்டே கிடக்கிற கடைசி முழத்தை யாரும் கழுவுவதில்லை, அங்கே சேற்றுக் கோடு இருக்கும். இன்னொன்று கடற்காற்று. ப்ளஃப், இசிபிங்கோ பீச் பக்கம் திறந்த வெளியில் நின்ற வண்டியானால் டிக்கியில் கம்பளத்தைத் தூக்கி, ஸ்பேர் வீல் குழியில் துரு இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள்.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டீலரிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதம் உங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. அவர் ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’, அதாவது உள்ளது உள்ளபடி விற்கிறேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் அது அவரைக் காப்பாற்றாது. முதலில் டீலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், சரிவரவில்லை என்றால் மோட்டார் தொழில் ஒம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். தனியாரிடம் வாங்கும்போது அந்தச் சட்டம் கிடையாது. தெரிந்தே மறைத்தார் என்று நீங்கள் நிரூபித்தால்தான் உண்டு. ஐ10 தனியார் வண்டி என்பதால் வெளியே ஓர் ஆட்டோமேட்டிக் மெக்கானிக்கிடம் காசு கொடுத்து லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். ரோட்டில் ஓடத் தகுதியானது என்று தருகிற ரோட்வொர்தி சர்டிஃபிகேட் இருக்கிறதே என்று அதை விட்டுவிடாதீர்கள். அந்தச் சோதனையில் பிரேக், ஸ்டியரிங், விளக்கு பார்ப்பார்கள், கியர்பாக்ஸைத் திறந்து பார்ப்பதில்லை.

பதிவுத் தாளில் டைட்டில் ஹோல்டர் (சட்டப்படி உரிமை உள்ளவர்) விற்கிறவராகவே இருக்க வேண்டும். பேங்க் பெயர் இருந்தால் கடன் தீர்ந்த பிறகு பேசுங்கள். கோடு 2 என்றால் சாதாரணப் பழைய வண்டி, கோடு 3 என்றால் அடிபட்டுத் திரும்பக் கட்டியது. கண்ணாடியில் ஒட்டிய லைசன்ஸ் டிஸ்க்கில் உள்ள விஐஎன் நம்பரை (வண்டியின் அடையாள எண்) வண்டியில் அடித்திருக்கிற நம்பரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ரோட்வொர்தி 60 நாள்தான் செல்லும். வாங்கிய 21 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

கையில் உள்ளதை எல்லாம் வண்டிக்கே கொடுத்துவிட வேண்டாம். பேரம் பேசி கொஞ்சம் மிச்சம் வையுங்கள், முதல் மாதமே கியர்பாக்ஸ் ஆயிலை மாற்ற அது வேண்டும். ஒரு தடவை வடித்தால் முழுக்க வெளியே வராது, கன்வெர்ட்டருக்குள் நிறைய நின்றுவிடும். அதனால் கொஞ்ச நாள் ஓட்டி மறுபடியும் ஒரு தடவை மாற்றச் சொல்லுங்கள். கியர்பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் தட்டான சம்ப்பைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று உள்ளே இருக்கிற காந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருந்தால் வழக்கமான தேய்மானம். விரலில் குத்துகிற இரும்புத் துணுக்கு இருந்தால் அது வேறு கதை.

வீட்டு வாசல் சரிவில் நிறுத்தும்போது முதலில் ஹேண்ட்பிரேக், அப்புறம்தான் P. மாற்றிச் செய்தால் வண்டியின் பாரம் முழுவதும் உள்ளே ஒரு சின்னக் கொக்கியில் தொங்கும். ரிப்பேராகி நின்றால் முன்சக்கரம் தரையில் உருள இழுத்துப் போகவும் விடாதீர்கள், மேலே ஏற்றிப் போகிற வண்டியைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: துறைமுகத்தில் வேலை செய்கிற ஒருவர், ஜப்பானிலிருந்து வந்த ஹோண்டா ஃபிட் ஆட்டோமேட்டிக்கைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா, அண்ணா?

பதில்: வேண்டாம், தம்பி. டர்பன் துறைமுகத்தில் இறங்குகிற அந்தப் பழைய ஜப்பான் வண்டிகள் ஜிம்பாப்வே, ஜாம்பியா மாதிரி பக்கத்து நாடுகளுக்குப் போகிற வழியில் நிற்பவை. பழைய வண்டியை இங்கே கொண்டுவந்து பதிவு செய்ய, வெளிநாட்டிலிருந்து குடிபெயர்ந்து வருகிறவர்கள் மாதிரி சிலருக்குத்தான் பெர்மிட் கிடைக்கும். உங்கள் பெயரில் அது நேர்மையாகப் பதிவாகாது. பதிவான தாளை நீட்டினால் அந்தத் தாளையே சந்தேகப்பட வேண்டும். ஃபிட் என்பது இங்கே ஜாஸ் என்ற பெயரில் விற்ற வண்டிதான். ஜாஸே வாங்குங்கள்.

கேள்வி: மகள் ஆட்டோமேட்டிக்கிலேயே டெஸ்ட் கொடுக்கிறேன் என்கிறாள். பிற்பாடு பிரச்சினை வருமா?

பதில்: ஆட்டோமேட்டிக்கில் பாஸானால் லைசன்ஸ் அட்டையில் ஆட்டோமேட்டிக் மட்டும் என்ற கட்டுப்பாடு ஏறிவிடும். வீட்டில் உள்ள மேனுவல் பக்கியை (பிக்கப் வண்டி) அவசரத்துக்குக் கூட அவளால் சட்டப்படி எடுக்க முடியாது. பிறகு அதை நீக்க மேனுவலில் மறுபடியும் டெஸ்ட் கொடுக்க வேண்டும். உடம்புக் காரணம் எதுவும் இல்லையென்றால் மேனுவலில் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த லைசன்ஸில் இரண்டையும் ஓட்டலாம்.