தோற்றுக்கொண்டே சம்பாதிக்கும் குத்துச்சண்டைக்காரர்களின் பிழைப்பு எப்படி ஓடுகிறது?

கேள்வி: கிருஷ்ணகிரியில் பாக்சிங் பழகுகிறேன். இங்கிலாந்தில் 300 சண்டை ஆடி 250க்கு மேல் தோற்றவர்கள் இருக்கிறார்களாமே, அவர்களுக்கு யார் பணம் தருகிறார்கள்? நம் பக்கத்திலிருந்து அந்தத் தொழிலுக்குப் போக முடியுமா?

நீங்கள் படித்தது பர்மிங்ஹாமைச் சேர்ந்த பீட்டர் பக்லியைப் பற்றி இருக்கும். 1989 முதல் 2008 வரை 300 சண்டை. வெற்றி 32, தோல்வி 256, டிரா 12. அவருக்குப் பின் கிறிஸ்டியன் லெய்ட் என்பவர் 2003இல் தொடங்கி 2018இல் அதே 300இல் நிறுத்தினார். வெற்றி 12தான். தோல்விக் கணக்கை விடுங்கள், ஆண்டுக்கு எத்தனை சண்டை என்று பாருங்கள்: பக்லிக்குச் சராசரி 16 பக்கம், லெய்டுக்கு 20. அடிபட்டு விழுகிற ஆளால் ஆண்டுக்கு 20 தடவை மேடை ஏற முடியாது. ஜர்னிமேன் என்று அங்கே சொல்லப்படுபவர் விற்பது இதைத்தான். எப்போது கூப்பிட்டாலும் வருவார், முழு ரவுண்டும் நிற்பார், அடுத்த வாரமும் வருவார்.

பணம் உள்ளூர்ப் பையனின் டிக்கெட்டிலிருந்து வருகிறது. சிறிய அரங்குகளில் வளரும் வீரர் தன் சொந்தக்காரர், நண்பர்களிடம் டிக்கெட் விற்றாக வேண்டும். எதிராளியின் சம்பளம் அதில்தான் அடங்கும். ஜர்னிமேனுக்கு டிக்கெட் விற்கும் தொல்லை இல்லை, பேசிய தொகை வந்துவிடும். 1,200 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். மேனேஜருக்கு 25 சதவீதம், பயிற்சியாளருக்கு 10 சதவீதம் போனால் கையில் 780. பெட்ரோல், வரி, ஆண்டுதோறும் கட்டாயமான மூளை ஸ்கேன், எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் ரத்தப் பரிசோதனை எல்லாம் அதிலிருந்துதான். ஆகவே பலர் பகலில் வேறு வேலைக்குப் போகிறார்கள். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடித்துவிட்டுப் பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு இந்த வாழ்க்கையை விளக்கவே வேண்டாம்.

பேசி வைத்துத் தோற்கிறார்களா என்று சிலர் கேட்பார்கள். நம் ஊர் பாரதக் கூத்தில் துரியோதனன் வேஷக்காரர் ஊருக்கு ஊர் படுகளத்தில் விழுவார், அடுத்த ஊரில் மறுபடி வேஷம் கட்டுவார். ஆனால் கூத்தில் முடிவு முன்பே எழுதியது, இங்கே அப்படி இல்லை. பட்டம் இல்லாத சண்டைகளுக்கு அங்கே ரெஃப்ரி ஒருவரே மார்க் போடுகிறார். நெருக்கமான ரவுண்டு முன்னேறி வருகிற உள்ளூர்ப் பையனுக்கே பெரும்பாலும் போகும். ஒரு ரவுண்டுக்கு 10-9 என்ற கணக்கில் நாலு ரவுண்டும் போனால் 40-36. எதிராளி நிஜமாகவே மோசமாக இருந்தால் ஜர்னிமேன் ஜெயிப்பார். அடிக்கடி ஜெயித்தால் போன் வருவது குறைந்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். எனக்கு இந்தத் தொழிலில் பிடிக்காத இடம் இதுதான்.

இனி வேலை நுணுக்கம். நாக் அவுட் ஆனாலோ ரெஃப்ரி சண்டையை நிறுத்தினாலோ குறைந்தது 28 நாள் தடை. ஒரு மாதக் கூலி போச்சு. அதனால் எல்லாமே தடுப்பாட்டம்தான். நேராகப் பின்னால் போகக்கூடாது, நாலு எட்டில் கயிறு முதுகில் இடிக்கும். வலது கை பலமுள்ள எதிராளி என்றால் உங்கள் வலப்பக்கமாக அரை எட்டு வைத்து நகர வேண்டும். அப்போது அவருடைய இடது ஹூக்குக்குள், அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் குத்துக்குள் போகிறீர்கள், எனவே வலது கிளவுஸ் கன்னத்தை விட்டு இறங்கவே கூடாது. அடி விழுவது முழங்கையிலும் கிளவுஸிலும் தோளிலும் இருக்கட்டும். மூச்சு வாங்க கிளிஞ்ச்: தலையை அவர் தோளில் வைத்து, அவர் முழங்கைகளை மேலிருந்து கட்டிக்கொள்ளுங்கள். நாலைந்து விநாடி கிடைக்கும். அளவுக்கு மீறினால் எச்சரிக்கை, பிறகு மார்க் கழிப்பு. ரெஃப்ரி ‘பிரேக்’ என்றதும் கையைத் தூக்கியபடியே பின்வாங்குங்கள், பலர் அடி வாங்குவது அந்த நொடியில்.

தடுத்துக்கொண்டே நின்றாலும் ஆபத்து. பதிலே இல்லாமல் நாலைந்து அடி வரிசையாக விழுந்தால் ரெஃப்ரி நடுவில் வந்துவிடுவார். இரண்டு அடியாவது திருப்பிக் கொடுக்க வேண்டும், பலமாக இல்லாவிட்டாலும் சரி. அதுவும் அவர் நெற்றியில் குத்தக்கூடாது. சுண்டு விரல் பக்கத்துக் கை எலும்பு உடைவது பெரும்பாலும் அப்படித்தான். பயிற்சியில் 4.5 மீட்டர் ஹேண்ட் ராப்பை (கையில் சுற்றும் துணிப்பட்டை) விரல் முட்டிகளுக்கு மேல் மட்டும் சுற்றிவிட்டு மணிக்கட்டை விட்டுவிடுகிறவர்களுக்கு மணிக்கட்டு பிசகும்.

புருவக் கிழிசல் இன்னொரு வருமான எதிரி. குத்தைவிடத் தலைமோதலில்தான் அது அதிகம் வரும், எதிராளி இடது கைக்காரர் என்றால் இன்னும் அதிகம். மூலையில் நின்று வீரரைக் கவனிக்கும் கார்னர்காரருக்கு ரவுண்டு இடைவேளையில் இருப்பது ஒரு நிமிடம். பஞ்சுக் குச்சியில் 1:1000 அட்ரினலின் தொட்டு அழுத்தி, மேலே வாசலின் பூசுவார். துண்டால் தேய்த்தால் ரத்தம் நிற்காது.

எடை விஷயத்தில் இவர்கள் புத்திசாலிகள். வியாழக்கிழமை போன் வந்து சனிக்கிழமை சண்டை என்றால் 4 கிலோ இறக்க நேரம் ஏது? எப்போதும் 64 கிலோ பக்கம் இருந்தால் 63.5 கிலோ, 66.7 கிலோ என இரண்டு பிரிவுக்கும் ஆள் ரெடி. தண்ணீர் குடிக்காமல் எடை இறக்கி, வற்றிய உடம்போடு தலையில் அடி வாங்குவது சாவை விலைக்கு வாங்குவது. சண்டை நாளில் கடைசிச் சாப்பாடு 3, 4 மணி நேரம் முன்னால். களி வயிற்றில் கல் மாதிரி உட்காரும், அன்றைக்கு வேண்டாம்.

நம் பக்கத்திலிருந்து முடியுமா என்றால், உள்ளூரில் முடியாது. இந்தியாவில் ப்ரோ, அதாவது பணத்துக்கு ஆடும் தொழில்முறைச் சண்டைகள் நடக்கின்றன, ஒலிம்பிக் பதக்கம் வென்ற விஜேந்தர் சிங் 2015இல் ப்ரோ ஆன பிறகு கொஞ்சம் கவனமும் கிடைத்தது. ஆனால் வாராவாரம் கூப்பிட இங்கே சிறிய அரங்குகள் இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90 கிலோமீட்டர் சொச்சம்தான், ஸ்பாரிங்குக்கு (பயிற்சிச் சண்டைக்கு) அது போதும், பிழைப்புக்குப் போதாது. துபாய், பாங்காக் என்று எதிராளியாகக் கூப்பிடுவார்கள். போவதென்றால் எடை, ரவுண்டு எண்ணிக்கை, தொகை, டிக்கெட், விசா, மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். ஒரு நாட்டில் நாக் அவுட் ஆனவரைத் தடை முடியும் முன்னே வேறு நாட்டில் ஏற்றிவிடும் ஏஜென்ட்டுகள் உண்டு. அப்படிக் கூப்பிட்டால் போகவே போகாதீர்கள்.

இருபது வயதுக்குள் இருந்தால் முதலில் அமெச்சூரில் மாநில, தேசியப் பதக்கத்துக்குப் பாருங்கள். ராணுவம், ரயில்வே வேலைக்கான வழி அது. ஸ்பாரிங் முடிந்த இரவில் தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தி வந்தாலோ, ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரிந்தாலோ, மாத்திரை போட்டுத் தூங்காமல் சி.டி. ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அப்போதே போக வேண்டும். தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.