பின்னோக்கி நடப்பவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூஜெர்சியில் வசிக்கிறேன். தேங்க்ஸ்கிவிங் விடுமுறை. தாமதமாக எழுந்து, காபியோடு சோபாவில் சாய்ந்து மகளுடன் டிவியில், நியூயார்க்கின் மேசீஸ் என்ற பெரிய கடை நடத்தும் ஊர்வலம் பார்த்தேன், சுகமாக இருந்தது. ஆனால் நன்றி சொல்லும் நாளில் ஒரு கடை எதற்கு ராட்சத பலூன்களைத் தெருவில் கொண்டுபோகிறது? கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே சாண்டா ஏன் வருகிறார்? மகள் கேட்டாள். அர்த்தமில்லாத சடங்கு என்று சொல்லி முடித்துவிட்டேன். சரிதானே?

எஸ்.

அன்புள்ள எஸ்,

தாமதமாக எழுந்தது நல்லது. விடுமுறையில் தூங்கியதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம்.

சாண்டா விஷயம் எளிது. 1924இல் தொடங்கியபோது இதன் பெயரே மேசீஸ் கிறிஸ்துமஸ் ஊர்வலம்தான். சாண்டா வந்துவிட்டால் வியாபார சீசன் தொடங்கிவிட்டது என்று பொருள். 1939இல் கடைகளுக்குக் கூடுதல் நாட்கள் கிடைக்கட்டும் என்று அதிபர் ரூஸ்வெல்ட் தேங்க்ஸ்கிவிங் பண்டிகையையே ஒரு வாரம் முன்னால் இழுத்தார், பாதி மாநிலங்கள் முரண்டு பிடித்தன, கடைசியில் 1941இல் நவம்பரின் நான்காம் வியாழன் என்று சட்டமே போட்டார்கள். கடையும் பண்டிகையும் அங்கே சேர்ந்தே வளர்ந்தவை. இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை.

ஆனால் 'அர்த்தமில்லாத சடங்கு' என்று ஒரு குழந்தையிடம் எப்படிச் சொன்னீர்கள்? அதில் எனக்கு உண்மையிலேயே கோபம்.

முதல் ஊர்வலத்தில் நடந்தவர்கள் அந்தக் கடையின் ஊழியர்கள். பலர் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள். வேடம் போட்டுக்கொண்டு, மிருகக்காட்சிசாலையிலிருந்து கொண்டுவந்த விலங்குகளோடு, ஹார்லெமின் 145ஆம் தெருவிலிருந்து 34ஆம் தெரு வரை நடந்தார்கள். 1927இல் டோனி சார்க் என்ற பொம்மலாட்டக் கலைஞர் பலூன்களைக் கொண்டுவந்தார். பொம்மலாட்டத்தில் நூல் மேலிருந்து வரும், அவர் அதைத் தலைகீழாக்கி, பொம்மையை வானத்திலும் கயிற்றைத் தரையில் நடப்பவர் கையிலும் வைத்தார். இன்றும் அந்தக் கயிற்றைப் பிடிப்பவர்களில் பெரும்பாலோர் கடை ஊழியர்களும் அவர்களுடைய சொந்தக்காரர்களும் நண்பர்களும்தான். உங்களுக்கு விடுமுறை. அவர்கள் இருட்டோடு எழுந்து வந்திருக்கிறார்கள், எஸ்.

எங்கள் ஊர்த் தேருக்கு என் பெரியப்பா முட்டுக்கட்டை போடுவார். வடம் பிடிக்க ஊரே நிற்கும், அது பெருமை. முட்டுக்கட்டை அப்படியல்ல. உருளும் சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் குனிந்தபடியே நகர வேண்டும். கீழவீதி முனையில் தேர் திரும்பும்போது கட்டையை எந்தச் சக்கரத்துக்கு, எந்தச் சாய்வில் கொடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, ஒரு கணம் பிந்தினால் தேர் வீட்டுத் திண்ணையில் ஏறிவிடும், கை போய்விடும். சாமி எப்படி இருந்தது பெரியப்பா என்று ராத்திரி கேட்டால், "நான் எங்கடா பார்த்தேன், சக்கரத்தைத்தானே பார்த்தேன்" என்பார். உள்ளங்கை முழுக்க மசியும் சிராய்ப்புமாக இருக்கும். பெரியம்மா தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே திட்டுவார். மறு வருஷமும் அவர்தான் போவார், வேறு யாரையும் விட மாட்டார்.

நியூயார்க்கில் அந்த ஊர்வலத்தை நேரில் பார்த்தபோது நான் பலூனைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு பெரிய பலூனுக்கும் முன்னால் ஒருவர், பலூனைப் பார்த்தபடி, பின்னோக்கியே நடந்து வருகிறார். பைலட் என்கிறார்கள். இரண்டரை மைல். கையசைத்தும் விசில் ஊதியும் எந்தப் பக்கக் கயிற்றை இறக்க வேண்டும், எதைத் தளர்த்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வருகிறார். இது விளையாட்டு இல்லை. 1997இல் பலத்த காற்றில் ஒரு பலூன் விளக்குக் கம்பத்தில் மோதி, உடைந்து விழுந்த துண்டு தலையில் பட்டு ஒரு பெண் கோமாவில் கிடந்தார். அதன் பிறகுதான் காற்று மணிக்கு 37 கிலோமீட்டரைத் தாண்டினால் பெரிய பலூன்கள் பறக்கக் கூடாது என்று விதி வந்தது. டிவி கேமரா பலூனின் மூக்கைக் காட்டும். அந்த மனிதரின் முதுகை எப்போதாவது காட்டினால் உண்டு.

 

அடுத்த முறை புதன்கிழமை மாலையே மகளை அழைத்துக்கொண்டு ரயிலேறுங்கள். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இரு பக்கத் தெருக்களிலும் பலூன்களை வலை போட்டுக் கட்டி வாயு நிரப்புவார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நிரப்புகிறவர்களிடம் அவளையே கேட்கச் சொல்லுங்கள். குளிர் கடுமையாக இருக்கும், கையுறையை மறக்காதீர்கள்.